இரண்டு வேளை வியர்வை

கேள்வி: தினம் இரண்டு முறை உடற்பயிற்சி செய்தால் பலன் இரட்டிப்பாகுமா?

பதில்: துவைக்க வேண்டிய துணி இரட்டிப்பாகும், பலன் அப்படி ஆகாது!

கென்யாவின் எலியுட் கிப்சோகே பெரும்பாலான நாட்களில் காலையும் மாலையும் ஓடியவர். 2022 பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் முடித்து, அப்போது உலக சாதனை படைத்தார். ஆனால் அவருடைய மாலை ஓட்டம் மெதுவானது. நடுவில் சாப்பாடு, நல்ல ஓய்வு. ஓடுவதே அவர் தொழில். ஆபீஸ் போகிறவருக்கு மதியத் தூக்கம் கிடைக்குமா? தசை தேறுவது ஓய்வில்தான்.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை 15, மாலை 15 நிமிடம் என வாரம் ஐந்து நாள் வேகமாக நடந்தாலே 150 வந்துவிடும். இப்படிப் பிரிப்பது நல்ல யோசனை.

அசதி தீராமல், தூக்கமும் கெட்டால் மாலைப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.