கதியாலும் கனம் நீதிபதியும்

கிளுவைக் கதியால் வேலி ஆண்டுக்கு ஒரு சாண் பக்கத்து வளவுக்குள் நகரும் என்பது யாழ்ப்பாணத்துத் தாவரவியல். அதைத் தடுக்க மாவட்ட நீதிமன்றம். அது சறுக்கினால் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம். காலியில் பத்துத் தென்னையின் 2,520-இல் ஒரு பங்குக்கு வழக்காடியதை இலங்கையில் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1859-இல் எழுதிவைத்தார். எங்கள் பங்குக் கிணறுகளுக்கு அது கால்தூசு.

மேன்முறையீடுதான் என்ன பண்பு! கீழ்த் தீர்ப்பை உடைக்காது, இலேசாகத் திருத்தும்: வேலி வடக்கே ஆறு அங்குலம் போகட்டும், வழக்குச் செலவை அவரவர் பார்க்கட்டும். அந்த ஆறு அங்குலத்துக்காக அப்பு நாலு பரப்புக் காணியை விற்றிருப்பார். அதனாலென்ன, வென்றது நீதியல்லவா?

தீர்ப்பு வரும்போது பேரன் ரொறன்ரோவில். கட்டியிருப்பது எதிராளியின் பேத்தியை. இரண்டு காணியும் இப்போது ஒரே குடும்பத்துக்கு. ஆனாலும் வேலியைத் தொடமுடியாது, தீர்ப்பு இருக்கிறது. பிடுங்குவதென்றால் கொழும்பு புதுக்கடை உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.