கூகுள் இருக்க நூலகம் எதற்கு?

கேள்வி: கையில் கூகுள் இருக்கும்போது, ஆராய்ச்சி மாணவர் பல்கலைக்கழக நூலகத்தில் தேடக் கற்க வேண்டுமா?

பதில்: கூகுள் கேட்டதைத் தரும், நூலகம், கேட்கத் தெரியாததையும் தரும். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1933-ல் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஒரே பொருள் பற்றிய நூல்களை அக்கம்பக்கத்தில் குடிவைப்பதுதான் பகுப்பின் வேலை. ஒன்றைத் தேடிப் போனால் அண்டைவீட்டார் நாலு பேரும் அறிமுகமாவார்கள். கடைசிப் பக்கத்துத் துணைநூற்பட்டியலோ அடுத்த தெருவுக்கே வழி சொல்லும். 'நேரம் வீணாகுமே' என்பீர்கள். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்வதே 1931-ல் ரங்கநாதன் வகுத்த ஐந்து நூலகவியல் விதிகளில் நான்காவது! 'ஆய்விதழ்கள் இணையத்தில்தானே இருக்கின்றன?' உண்மை, ஆனால் பலவற்றின் வாசலில் கட்டணப் பூட்டு. சாவி, நூலகம் கட்டும் சந்தாவில் இருக்கிறது. நூலகரிடம் கேளுங்கள், பதிலுக்கு நடுவே விளம்பரம் காட்டமாட்டார்.