இடைவெளி எண்ணும் அதிகாரி

தரமணி முதல் சிறுசேரி வரை நீளும் மென்பொருள் அலுவலகங்களில் நேர்காணல் நடத்தும் மனிதவள அதிகாரிக்கு, ரெஸ்யூம் எனப்படும் தன்விவரக் குறிப்பில் எழுதியிருப்பவை பெரிதாகக் கண்ணில் படுவதில்லை. எழுதாமல் விட்டவையே படுகின்றன. பத்தாண்டு அனுபவமும் முடித்துக் கொடுத்த திட்டங்களும் மூன்று பக்கங்களில் நிரம்பிக் கிடக்க, ஜாதகத்தில் செவ்வாயைத் தேடும் சம்பந்தி போல அவர் நேரே தேதிகளுக்குச் சென்று, ஒரு வேலையை விட்ட மாதத்துக்கும் மறுவேலையில் சேர்ந்த மாதத்துக்கும் இடைப்பட்ட காலத்தை விரல் கணுக்களில் எண்ணி, ஐயம் தீராமல் மறுபடியும் எண்ணி, அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்ட பிறகே நிமிர்கிறார். “இந்த எட்டு மாசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

இக்கேள்விக்குச் சரியான விடை இதுவரை கண்டறியப்படவில்லை. தாயின் அறுவை சிகிச்சைக்கு உடனிருந்ததாகச் சொன்னால், வீட்டில் வேறு யாரும் இல்லையா என்பார். குரூப் 1 தேர்வுக்குப் படித்ததாகச் சொன்னால், அந்த ஆசை இன்னும் இருக்கிறதா என்பார். ஆட்குறைப்பில் வேலை போனதாகச் சொன்னால், அத்தனை பேரில் உங்களை ஏன் எடுத்தார்கள் என்பார். விடை எதுவானாலும் அவர் அதைக் குறித்துக்கொள்வதில்லை. முன்பு போட்ட வட்டத்தின்மீதே இன்னொரு வட்டம் போடுகிறார்.

முன்பெல்லாம் மாதங்களை விட்டுவிட்டு ஆண்டுகளை மட்டும் எழுதித் தப்பியவர்கள் உண்டு. 2014இல் வருங்கால வைப்பு நிதி உறுப்பினர்களுக்கு யு.ஏ.என். எனப்படும் 12 இலக்கப் பொது எண் வந்து, எத்தனை நிறுவனம் மாறினாலும் சேர்ந்த நாளும் விலகிய நாளும் அதன்கீழ் பதிவாகத் தொடங்கியதும் அந்த வழியும் அடைபட்டது. தொழிலாளியின் சேமிப்பைக் காக்க வந்த ஏற்பாடு அதிகாரியின் விரல் கணக்குக்குச் சான்றாவணமாயிற்று.

பெஞ்ச் என்பது, எத்திட்டத்திலும் சேர்க்கப்படாமல் சம்பளம் மட்டும் பெற்றுக் காத்திருக்கும் நிலை. அதில் ஆறு மாதம் உட்கார்ந்து தேநீர் குடித்தவரின் வரலாற்றில் அதிகாரிக்கு எக்குறையும் தென்படுவதில்லை. அவருக்கு வேண்டியவரோ ‘இமிடியட் ஜாயினர்’, அதாவது அழைத்த மறுநாளே வந்து சேரக்கூடியவர். 90 நாள் முன்னறிவிப்புக் காலம் நடைமுறையாகிவிட்ட இத்துறையில் வேலையில்லாதவரே அப்படி வர இயலும் என்பதும், வேலையில்லாமல் இருப்பதற்கே இடைவெளி என்று பெயர் என்பதும் அவர் மனத்தில் ஒருபோதும் சந்தித்துக்கொள்வதில்லை.

வெள்ளிக்கிழமை ஓரிடத்தில் விலகித் திங்கட்கிழமை வேறிடத்தில் சேர்ந்தே காலம் தள்ளிய அவரும் இரக்கத்துக்குரியவரே. ஒரு மாதம் வீட்டில் இருந்தால் தம்மையும் யாரேனும் வட்டமிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கும் உண்டு. ஆயினும் அந்த அச்சத்துக்கான விலையைப் பெண்களே மிகுதியாகக் கொடுக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், முதல் இரண்டு பிள்ளைப்பேறுகளுக்கும் ஊதிய விடுப்பை 26 வாரமாக்கியது. 27ஆவது வாரத்திலும் குழந்தை குழந்தையாகவே இருப்பதால் வேலையை விட்ட தாய், மூன்றாண்டு கழித்துத் திரும்பும்போது அந்த வட்டத்துக்குள் சிக்குகிறாள். அவளிடம் “சொல்லி அனுப்புறோம்” என்று கூறி, இரண்டு மாதம் சொல்லாமலே இருந்துவிட்டால், அடுத்த நிறுவனத்தில் அந்த இரண்டு மாதமும் அவள் கணக்கிலேயே எழுதப்படுகிறது. வேலை தராமல் இடைவெளியை நீட்டியவர்களே அதற்கு விளக்கமும் கேட்பது நியாயமன்று.