ஹஸ்கிக்கு ஏசி, தாத்தாவுக்கு ஃபேன்

பேராண்டி, ஒன் ஹஸ்கி ஏசி ரூம்ல படுத்திருக்கு, நான் ஹால்ல ஃபேனுக்கு அடியில படுத்திருக்கேன். இதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அது சைபீரியாச் சாதி, நான் ராஜபாளையத்துக்காரன். வெயிலுக்குப் பொறந்தவன் வெயில்ல கெடக்கணும், பனிக்குப் பொறந்தது பனியில கெடக்கணும். ஆனா இந்தப் பெங்களூரு ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டுல பனிய எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கீங்க?

“கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டர் தாத்தா, கூலான ஊரு”ன்னே. இருக்கட்டும். அந்தக் கூலான ஊருலதான் 2016 ஏப்ரல் 24ஆம் தேதி 39.2 டிகிரி அடிச்சது. ரெட்டை அடுக்கு முடியோட வந்து எறங்குன சீவனுக்கு ஊர் வழக்கப்படி “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி”ன்னு சொல்லிட்டீங்க. அதுவும் நாக்கத் தொங்கப் போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுத்தான் கெடக்கு. நாய்க்கு நமக்கு வேர்க்கிற கணக்குல ஒடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்துல கொஞ்சம் கசியும், மிச்சச் சூட்டை மூச்சு வாங்கித்தான் வெளிய தள்ளணும். அதோட சாதாரணச் சூடே ஃபாரன்ஹீட்ல 101லருந்து 102.5. 104 தாண்டுச்சுன்னா டாக்டர்கிட்ட ஓடு. 106னா உள்ளுறுப்பெல்லாம் கெட ஆரம்பிச்சிரும். ஐஸ் பக்கெட்டுல முக்கி எடுக்காத. சாதாரணத் தண்ணிய ஒடம்பு நனைய ஊத்தி, காத்து படவிட்டு, அப்படியே வண்டியக் கெளப்பு. போட்டோவ அப்புறம் எடுக்கலாம்.

மேல் வீட்டுத் தம்பி கெட்டிக்காரன். கோடை வந்ததும் தன் ஹஸ்கிக்கு மொட்டையே அடிச்சிட்டான். திருப்பதி வேண்டுதலான்னு கேட்டேன், சிரிச்சான். அந்த முடிதான் வெயிலையும் தடுக்குதுன்னு அவனுக்கு யாரு சொல்றது? வழிச்சுட்டா தோல் வெந்துபோகும், திரும்ப மொளைக்கிற முடி ஒழுங்கா மொளைக்குங்கிறதுக்கும் உத்தரவாதம் இல்ல. சீப்பெடுத்து உள்முடியத் தினம் சீவி எடுத்தாப் போதும். சீவுறதுக்கு நேரமில்லையாம், மீட்டிங்காம். நல்லது, மீட்டிங்குக்குத் தகுந்த நாயா பொம்மைக் கடையில கெடைக்குமே!

மூணாவது மாடித் தாயி ஒண்ணு பக் வளர்க்குது. 2003ல ஹட்ச் விளம்பரத்துல பயலுக்குப் பின்னாலயே போச்சே, அந்தச் சப்பை மூஞ்சி. போன் கம்பெனி பேரு மாறிப் போச்சு, நாய் மட்டும் வீட்டுக்கு வீடு தங்கிருச்சு. “எவ்வளவு அழகாக் குறட்டை விடுது பாருங்க தாத்தா”ங்குது தாயி. அழகுதான் ஆத்தா. மூக்கைச் சுருக்கிச் சுருக்கி மனுசன் தன் ஆசைக்கு மூஞ்சியச் சப்பையாக்கிட்டான், உள்ள இருக்கிற சதையச் சுருக்க மறந்துட்டான். கூட்டுக் குடும்பத்த ஒத்த ரூம்ல அடைச்ச கணக்கா, அண்ணச் சதை போய் மூச்சுக் குழல் வாசல அடைக்குது. அது குறட்டை இல்ல, காத்துக்கு அடிக்கிற அடிபிடி. சூட்ட மூச்சுலதான் எறக்கணும்னு சொன்னேனா? மூச்சே இழுக்க முடியாத சீவன் எப்படி எறக்கும்? 2022ல லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரிக்காரங்க கணக்குப் பாத்துட்டு, ஒடம்பு நலத்தப் பொறுத்தவரைக்கும் பக்கை இனிமே சாதாரண நாய்க் கணக்குலயே சேக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

வாங்கியாச்சு, வளத்துத்தான் ஆகணும். காலை வெயில் ஏறுறதுக்குள்ள நடத்திட்டு வந்துரு. கழுத்துப் பட்டைய வீசிட்டு, நெஞ்சோட மாட்டுற பெல்ட்ட வாங்கு. மூஞ்சி மடிப்ப ஈரத்துணியால தொடச்சு, பெறவு காஞ்ச துணியால ஒத்தியெடு. ஈரம் தங்குனா புண்ணாகி நாத்தம் அடிக்கும். அந்தப் பெரிய கண்ணு பள்ளத்துல ஆழமா ஒக்காரல. சண்டையில ஒரு இழுப்பு இழுத்தா வெளியவே வந்துரும். எடையக் கூடவிடாத. தீவனக் கிண்ணத்தக் குறைக்கணும்னா தாயி மொகம் வாடுது, நாய் மொகம் வாடுறத விட அதிகமா.

தீவனம்னதும் ரெண்டாவது மாடி லேப்ரடார் ஞாபகம் வருது. பாக்கிறவங்களை எல்லாம், ‘இந்த வீட்டுல எனக்குச் சோறே போடல’ங்கிற பார்வை பாக்கும். வாட்ச்மேன் பிஸ்கட், வேலைக்கு வர்ற அம்மா சப்பாத்தி, குழந்தைங்க சிப்ஸ். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரிக்கு, அதான் 1958லருந்து நடக்குதே, ஒன் நாயக் கூட்டிட்டுப் போனப்ப வரிசையில ஒக்காந்து காதக் குடுத்துக் கேட்டுக்கிட்டேன். லேப்ரடார்ல ஏறக்குறைய நாலுக்கு ஒண்ணுக்கு பி.ஓ.எம்.சி.ங்கிற மரபணுவுல ஒரு துண்டு விடுபட்டுப் போயிருக்காம். 2016ல கேம்பிரிட்ஜ்காரங்க கண்டுபிடிச்சது. பசி அமத்துற சேதி அதுகளுக்குச் சரியாப் போகாது. அதனால அது பொய் சொல்லல, நெசமாவே பசிக்குது. அதுக்காக நீ அள்ளிப் போடணும்னு இல்ல. அமெரிக்காவுல 48 லேப்ரடார் குட்டிகள ஜோடி பிரிச்சு, ஒண்ணு தின்னதுல கால் பங்கக் குறைச்சு இன்னொண்ணுக்கு வச்சு, ஆயுசு முழுக்கப் பாத்தாங்க. 2002ல வந்த கணக்கு: அளவாத் தின்னது கிட்டத்தட்ட ரெண்டு வருசம் கூட வாழ்ந்திருக்கு, மூட்டுவாதமும் அதுகளுக்குத் தாமசமாத்தான் வந்திருக்கு. வெலாவுல கையத் தடவிப் பாரு. அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட்டா சரியான எடை. தேடித்தான் கண்டுபிடிக்கணும்னா பிஸ்கட் டப்பாவ வாட்ச்மேன்கிட்டருந்து பிடுங்கு. ஒன் வெலாவ நான் தடவிப் பாக்கல, பயப்படாத.

ஞாயித்துக்கிழமை மல்லேஸ்வரத்துல வெங்காயத் தோசை வாங்கிட்டு வந்து, பாசம் பொங்கி அதுக்கும் பிச்சுப் போடுறியே, வெங்காயம் நாயோட ரத்தச் செவப்பணுவ ஒடைக்கும், தெரியுமா? பூண்டும் அப்படித்தான். சாக்லேட் நெஞ்சைப் படபடக்க வைக்கும். தேவனஹள்ளிப் பக்கம் வெளையுற பெங்களூர் நீலத் திராட்சை, 2013ல புவிசார் குறியீடு வாங்கின பெரிய மனுசன், நாய்க்கு மட்டும் சிறுநீரகத்தச் சாச்சிரும். பாயசத்துக் கிஸ்மிஸும் அதே சாதிதான். காய்ச்சலடிக்குதுன்னு ஒன் பாராசிட்டமாலைப் பாதியா ஒடைச்சுக் குடுக்கிற டாக்டர் வேலையையும் விட்டுரு.

இப்ப உண்ணிக் கதைக்கு வர்றேன். இந்த ஊருல சாதி நாய், தெரு நாய் பேதம் பாக்காத சமத்துவவாதி அது ஒண்ணுதான். ஊரு மிதமா இருக்கிறதால அதுக்கு வருசம் பூராவும் கொண்டாட்டம். கொன்னுபோடுற கடுங்குளிர் கெடையாது பாரு. பொட்டை உண்ணி ரத்தம் குடிச்சு வீங்கினதும் நாய்மேல முட்டை வைக்கிறதில்ல. எறங்கிப் போய் ஒன் சுவத்து விரிசல்ல, கட்டிலிடுக்குல ஆயிரக்கணக்குல வச்சிட்டுச் சாகும். வாடகை இல்லாம குடியிருக்கிறது பெங்களூருல அதுங்க மட்டுந்தான். அது கடிச்சா எர்லிக்கியா, பேபீசியான்னு ரெண்டு பாவிங்க ரத்தத்துல ஏறும். ஒண்ணு தட்டணுவக் குறைச்சு மூக்குல ரத்தம் வரவைக்கும், இன்னொண்ணு செவப்பணுவத் தின்னு மூத்திரத்தக் காபி டிக்காசன் நெறத்துக்கு மாத்தும். நாய் ஒரு நாள் சோறு வேணாம்னா பிகு பண்ணுதுன்னு நெனைக்காத. ஒதட்டத் தூக்கி ஈறப் பாரு. வெளுத்திருந்தா ஒடனே ரத்தம் சோதிக்கணும். நேரத்துல போனா மருந்துக்குக் கட்டுப்படும். எங்க ஊர்ப் பெருசுக மண்ணெண்ணெய் தடவும், அந்த வைத்தியத்த இங்க எறக்காத. இடுக்கிய வச்சுத் தோலோட ஒட்டிப் பிடிச்சு நிதானமா இழு, வெரல்ல நசுக்காத. டாக்டர் குடுக்கிற மாத்திரைய மாசா மாசம் தேதி தவறாமக் குடு. ஒன் பீட்சாவுக்குத் தேதி தவறுறதில்லையே.

குட்டையும் நெட்டையுமான அந்த டாக்சுண்டு சோபாவுலருந்து குதிக்கிறத வீடியோ எடுக்கிறாங்க கீழ் வீட்டுல. முதுகுத்தட்டு பிதுங்குற சாதி அது, பின்னங்கால் விழுந்துட்டா வீடியோவ யாருக்கு அனுப்புவாங்கன்னு தெரியல. ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு. வழவழ டைல்ஸ்ல வழுக்கி வழுக்கி அது இன்னும் மோசமாகும், ஒரு கோரைப்பாய விரிச்சா கௌரவம் கொறைஞ்சா போகும்? குட்டி வாங்குறப்ப கென்னல் கிளப் சர்டிபிகேட்டக் காட்டுனான்னு குதிச்சியே, அந்தக் காகிதம் பரம்பரையச் சொல்லும், தாய் தகப்பன் இடுப்பைச் சொல்லாது. எக்ஸ்ரே கேட்டிருக்கணும். பொண்ணு பாக்கப் போனப்ப எத்தனை கேள்வி கேட்டோம்!

எங்க ஊரு மட்டும் ஒசத்தியாங்கிற? 2005ல தபால்தலையில ஏறின சாதிய்யா எங்க ராஜபாளையம், உங்க கர்நாடகத்து முதோல் நாய்க்குப் பக்கத்துலயே. ஆனா பால் வெள்ளை வேணும், மூக்கு ரோஸா இருக்கணும்னு சொந்தத்துக்குள்ளயே சேத்துச் சேத்து, பொறக்கிற குட்டியில சிலதுக்குக் காதே கேக்காது. கூப்பிட்டா வராது, திமிருன்னு ஒதை வாங்கும். அது பாக்காத நேரம் பின்னால சாவிக்கொத்த ஆட்டிப் பாத்துட்டு வாங்குன்னு சொன்னா, வெள்ளைதான் வேணும்ங்கிறான். கலர் பாக்கிற பழக்கம் கல்யாணத்தோட நிக்கல பாத்துக்கோ.

ஊருக்கு ஏத்த நாய் வேணும்னா கேட்டுக்கு வெளிய படுத்திருக்கு. 2023ல எண்ணினப்ப 2,79,000 சொச்சம் இருந்துச்சாம். 2025ல அதுல 5,000 நாய்க்குக் கோழிச்சோறு போடுறோம்னு மாநகராட்சி அறிவிச்சப்ப, மனுசங்க சண்டை போட்டதப் பாத்திருக்கணும்! மூக்கு மூக்கா இருக்கு, காலு காலா இருக்கு, முடி அளவா இருக்கு. தடுப்பூசியும் உண்ணி மருந்தும் அதுக்கும் வேணும்தான். மத்தபடி டாக்டர் வீட்டு ஈ.எம்.ஐ.ய அது கட்டாது.

ராட்வைலர் வாங்கலாமான்னு ஒன் மச்சினன் கேட்டான். 2024 மார்ச்சுல 23 சாதிக்குத் தடைன்னு டெல்லியிலருந்து கடிதாசி வந்துச்சு. யாரக் கேட்டுப் போட்டீங்கன்னு ஏப்ரல் 10ஆம் தேதி கர்நாடக ஐகோர்ட்டு அதை ரத்து பண்ணிருச்சு. தடை போச்சு, பல்லு போகலையேன்னேன். அவன் அப்புறம் பேசல. லைசென்ஸ் கதையும் இருக்கு. ஒத்த மாநகராட்சிய அஞ்சாப் பிரிச்சாச்சு, எந்த வாசல்ல நிக்கணும்னு நாய்க்காவது தெரிஞ்சா சொல்லச் சொல்லு.

சட்டம்னதும் ஒரு பழைய கதை ஞாபகம் வருது. கஸ்தூர்பா ரோடு மியூசியத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போனே பாரு, அங்க மண்டியா பக்கத்து ஆதகூர்க் கல்லு ஒண்ணு நிக்கும். கி.பி. 949 வாக்குல வெட்டுனது. தக்கோலத்துல நம்ம சோழ இளவரசன் இராசாதித்தனைச் சாய்ச்ச சண்டையச் சொல்றதும் அந்தக் கல்லுதான். அதுல செயிச்ச கங்க ராசா பூதுகன், மணலரன்ங்கிற வீரனைப் பாத்து என்ன வேணும் கேளுன்னான். அவன் காளிங்கிற வேட்டை நாயக் கேட்டு வாங்கினான். அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்னிகூட மோதி ரெண்டும் செத்துப்போச்சு. கோயில் முன்னால கல்ல நட்டு, நெலம் எழுதி வச்சு, ஒரு கண்டிசனும் போட்டாங்க: பூசாரி அந்தக் கல்லுக்குப் பூசை பண்ணாம சாப்பிட்டா, நாய் செஞ்ச பாவமெல்லாம் அவன் தலையில!

நீயும் நாளையிலருந்து அதையே சட்டமாக்கு. காதத் தூக்கி மோந்து பாரு, ஈறப் பாரு, வெரலிடுக்கத் தடவு, வால் அடியில பாரு, நகம் தரையில டக்கு டக்குன்னா வெட்டு. அஞ்சு நிமிசம். அது முடியிற வரைக்கும் ஒனக்கு இட்லி கெடையாது. ஒன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன், தட்டு என் கையிலதான் இருக்கும். சட்னிய மட்டும் ஆறவிட மாட்டேன், நானே தின்னுருவேன்.