இத்தாலியன் கடைக்குப் போகும் நாரந்தனையார் கவனத்துக்கு

விசா வந்துவிட்டது. 30,000 யூரோவுக்குப் பயணக் காப்புறுதியும் எடுத்தாயிற்று. கறித்தூள், புழுக்கொடியல், எள்ளுப்பாகு எல்லாம் பெட்டிக்குள் ஏறிவிட்டன. இனி 90 நாள் சுவிஸில் மகன் வீட்டில் இருக்கலாம். விமானம், குளிர், மின்படி எல்லாவற்றுக்கும் உங்களை ஆயத்தப்படுத்த ஊரில் ஆளிருக்கும். ஒரு சனிக்கிழமை பின்னேரம் மகன் வந்து, "அம்மா, இண்டைக்குச் சமைக்க வேண்டாம், பக்கத்தில இத்தாலியன் கடைக்குப் போவம்" என்று சொல்லப்போகிறானே, அதற்குத்தான் ஒருவரும் ஆயத்தப்படுத்துவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இது.

"வீட்டில மத்தியானச் சோறு கிடக்குது" என்று சொல்லிப் பார்க்கலாம். பலிக்காது. பேரப்பிள்ளைகள் ஏற்கெனவே சப்பாத்து மாட்டிவிட்டார்கள்.

முதல் கண்டம் தண்ணீர். கதிரையில் இருந்ததும் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். தண்ணீர் என்றால் விடமாட்டார்கள். காஸ் உள்ளதா, இல்லாததா என்று அடுத்த கேள்வி வரும். உள்ளதைச் சொன்னால், சீனி போட மறந்த சோடா வரும். எதைச் சொன்னாலும் போத்தலுக்கு 8 பிராங் அளவில் பில்லில் ஏறும். தீவுப்பகுதி ஆட்களுக்குத் தண்ணீரைக் காசுக்கு வாங்குவது புதிதல்ல. சாட்டித் தண்ணீர் பவுசரில் வரும்வரை வாளியோடு நின்றவர்கள் நாங்கள். ஆனாலும் அந்த 8ஐ 300ஆல் பெருக்கிப் பாருங்கள். தாகம் தானாகப் போய்விடும்.

பெருக்கல் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உணவு அட்டையில் வலப்பக்க வரிசையைப் பார்க்க வேண்டாம். ஒரு பீட்சா 20 பிராங் என்று வையுங்கள். மனதிரங்கி 300ஆல் பெருக்கினாலும் 6,000 ரூபா. எங்கள் நாட்டில் அச்சடிக்கிற ஆகப் பெரிய தாள் 5,000. ஒரு பீட்சாவுக்கே அது காணாது என்று தெரிந்தபிறகு எவருக்கும் விழுங்க இயலாது. மருமகள் "மாமி, என்ன வேணும்?" என்று கேட்டால், "உங்களுக்கு விருப்பமானதை எடுங்கோ பிள்ளை" என்று சொல்லாதீர்கள். அவளுக்கு விருப்பமானதில் நீல நிறப் பூஞ்சணம் பிடித்த சீஸ் இருக்கும்.

பாதுகாப்பானது மார்கரீட்டா. தக்காளி, மொசரெல்லா, இரண்டு துளசிச் சாதி இலை. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத சைவக்காரருக்கும், தவக்கால வெள்ளியில் இறைச்சி தவிர்க்கும் வேதக்காரருக்கும் ஒரே கோப்பையில் தீர்வு கிடைப்பது இந்தப் பீட்சாவில்தான். நாரந்தனையில் கலியாண வீட்டுப் பந்திக்குக்கூட அது கிடைத்ததில்லை. மேலே தூவட்டுமா என்று பார்மசான் சீஸைத் துருவியோடு கொண்டுவருவார்கள். சுத்த சைவம் என்றால் வேண்டாமென்று தலையாட்டுங்கள். பாலை உறையவைக்க அதில் கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுத்த நொதியம் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே தூவிச் சாப்பிட்டு முடித்துவிட்டீர்களானால் இந்த வாக்கியத்தை வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கந்த சஷ்டி விரதம் எப்படியும் வரும்.

ஸ்பகெட்டியைக் கண்டதும் "இடியப்பம் மாதிரிக் கிடக்கு" என்று சொல்ல வாய் உன்னும். அடக்குங்கள். சுவிஸுக்கு வந்த எல்லா அம்மாமாரும் சொல்லி முடித்த பகிடி அது. மகன் முகத்திலேயே தெரியும். "அரைவேக்காட்டில இறக்கிப்போட்டாங்கள்" என்பதையும் தவிருங்கள். பல்லுக்குச் சற்றுக் கடிபடத்தான் அதை அவிக்கிறார்கள். குழைய அவித்துத் தரச் சொல்வது, கூழுக்கு ஒடியல் மா வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

உறைப்பில்லை என்ற கவலைக்கு மருந்து கடையிலேயே இருக்கிறது. செத்தல் மிளகாய் ஊறிய எண்ணெய்ப் போத்தல் ஒன்று கேட்டால் தருவார்கள். கைப்பையில் மறைத்துக் கொண்டுவந்த மிளகாய்த்தூளை அதற்குப் பிறகும் எடுத்தால், அது உறைப்புக்காக அல்ல, பிடிவாதத்துக்காக. கணவாய் வளையப் பொரியலைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உங்களுக்கு முழு உரிமையுண்டு. ஊர்காவற்றுறைக் கரையில் வாங்கிப் பழகிய கண்ணுக்கு, மாவுக்குள் ஒளித்திருப்பது குளிர்பெட்டிக் கணவாய் என்று தெரியாமல் போகுமா? ஆனால் அந்த அபிப்பிராயத்தைத் தமிழில் உரத்துச் சொல்லாதீர்கள். காரணம் குசினியில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சின்னச் சரித்திரம். வாசலில் பல்லைக் காட்டி வரவேற்கும் அந்த இத்தாலிய முதலாளியின் தகப்பன் பெரும்பாலும் சுவிஸுக்கு வீதி போடவும் சுரங்கம் தோண்டவும் வந்தவர். அந்தக் காலத்தில் இத்தாலியரை அங்கே ஒருவருக்கும் பிடிக்காது. வெளிநாட்டாரில் இலட்சக்கணக்கானோரை வெளியேற்றக்கூடிய ஒரு யோசனை 1970 ஜூனில் வாக்கெடுப்புக்கு வந்தது. 54 வீதம் பேர் வேண்டாம் என்றதால் தப்பினார்கள். வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டும். சுவிஸ் பெண்களுக்கு நாடளாவிய வாக்குரிமை 1971இல்தான் வந்தது. இலங்கையில் அது 1931இல் கிடைத்துவிட்டது என்பதை மருமகளின் சுவிஸ் சிநேகிதியிடம் தாராளமாகச் சொல்லலாம். அந்த முதல் தேர்தலையே எங்கள் ஊர்காவற்றுறைத் தொகுதி பகிஷ்கரித்ததைச் சொல்லத் தேவையில்லை.

இத்தாலியர் தப்பினார்கள், கடை வைத்தார்கள், அவர்களைத் துரத்த நினைத்த ஊரே இப்போது சனிக்கிழமை அவர்களிடம் மேசை பதிந்துவிட்டுக் காத்திருக்கிறது. 83க்குப் பிறகு போய் இறங்கிய எங்கள் பெடியளில் எத்தனையோ பேர் முதலில் பிடித்த வேலை இப்படிப்பட்ட கடைகளில் கோப்பை கழுவல். கழுவியவன் பிறகு சலாட் வெட்டினான், மா குழைத்தான், போறணைக்குப் பக்கத்தில் நின்றான். ஆகவே நீங்கள் 6,000 ரூபாவுக்குச் சாப்பிடும் இத்தாலியப் பீட்சாவைத் தட்டியவன் சரவணையானாக இருக்கலாம், புங்குடுதீவானாக இருக்கலாம். "மா வேகேல்லை, உப்பும் இல்லை" என்று நீங்கள் சொன்னது யன்னலுக்கு அங்கால் அவனுக்குத் துப்புரவாகக் கேட்டிருக்கும்.

அவன் வெளியே வருவான். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நீங்கள் எவடம்?" என்பான். இந்த இடத்தில்தான் முழு இரவும் தங்கியிருக்கிறது. "நாரந்தனை, தம்பி" என்று சொல்லுங்கள். அவன் ஊரைக் கேளுங்கள். அதோடு நிறுத்துங்கள். "ஆற்றை மோன்?" வரை போனாலும் பரவாயில்லை. "எந்தக் குறிச்சி?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று அவனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பண்ணைப் பாலத்தோடு விட்டுவிட்டு வந்திருக்க வேண்டிய கேள்வி அது.

ஊரோடு நிறுத்தினால் பலன் உண்டு. வேலைக்காரர் தங்களுக்கென்று வைத்த சோறும் கோழிக்கறியும் குசினியில் கிடந்தால், சின்னக் கோப்பையில் மூடிக்கொண்டு வந்து தருவான். பில்லில் அது ஏறாது. கூட வந்த அப்பா அதைக் கண்டதும் பீட்சாவைப் பேரனிடம் தள்ளிவிடுவார்; தடுக்க வேண்டாம்.

மேலும் தோண்டினால் அவனுடைய பெரியப்பாவும் உங்கள் மாமனாரும் வேலிக்கு வழக்காடியது வெளியே வரும். கதியாலை அரையடி தள்ளி நட்டது யார் என்று பேர்ண் நகரத்தில் வைத்துத் தீர்க்க இயலாது. அப்படித்தான் தீர்க்க வேண்டுமென்றால், கடைசிக் கோப்பையும் குசினியை விட்டு மேசைக்கு வந்து சேர்ந்த பிறகு தொடங்குங்கள்.