ஓடுற பையனும் ஓட்டுற வாத்தியாரும்

வாங்க கோச்சு வாத்தியாரே. உங்க அமெரிக்கக் கால்பந்து டீமுக்கு ஓடுற குவார்ட்டர்பேக் ஒருத்தன் வந்திருக்கானாமே! முதல் வேலையா அவனைக் கூப்பிட்டு, "ஓடாதே, அஞ்சு பேரு மறிச்சு நிக்கிற வளையத்துக்குள்ளயே நின்னு பந்தை வீசு"ன்னு சொல்லிருங்க. துள்ளலைப் பாத்துக் காளையை வாங்கிட்டு, வீட்டுக்கு வந்ததும் கால்ல கட்டை கட்டுறவன் எங்க பக்கமும் உண்டு.

2018-ல லமார் ஜாக்சனைப் பாத்து, "இவன் குவார்ட்டர்பேக்குக்கு ஆகமாட்டான், ரிசீவரா போகட்டும்"னு பெரிய தலையெல்லாம் சொல்லுச்சு. டீமுங்க புதுப் பசங்களை முறை வச்சு எடுக்கிற டிராஃப்ட்டுல, அவனுக்கு முன்ன நாலு குவார்ட்டர்பேக்கை மத்தவங்க அள்ளிக்கிட்டுப் போயாச்சு. முதல் சுற்றுக் கடைசியில 32-வது ஆளா பால்டிமோர் ரேவன்ஸ் எடுத்துச்சு. அங்க கோச்சு ஜான் ஹார்பா, பையனைத் தொடாம ஆட்டத்தையே அவனுக்குத் தக்கபடி மாத்தினாரு. எதிரணியில ஓரத்துல நிக்கிறவனை வேணும்னே மறிக்காம விட்டாங்க. அந்த ஓரத்தாளு, பந்தை வாங்கிட்டு ஓடுற ரன்னிங்பேக் மேல பாஞ்சா, லமார் பந்தைத் தானே வச்சுக்கிட்டு வெளிப்பக்கம் பறந்துருவான். பாயாம நின்னா, பந்து ரன்னிங்பேக் கைக்கு மாறிரும். எப்படியும் ஏமாளி அந்த ஓரத்தாளுதான். 2019-ல பையன் ஓடினது 1,206 கெஜம், அதுவரைக்கும் எந்தக் குவார்ட்டர்பேக்கும் ஓடாத தூரம். 36 டச்டவுன் வீசினதைச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க. சிறந்த ஆட்டக்காரனுக்கான எம்விபி ஓட்டு 50-ம் அவனுக்கே. பெரிய தலைங்களுக்கு அன்னைக்குப் பாத்துத் தொண்டை கட்டிக்கிச்சு.

அதுக்காக அவுத்தும் விட்டுராதீங்க. 2012-ல வாஷிங்டன் டீமுக்கு வந்த குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபின் முதல் வருசமே 815 கெஜம் ஓடினான். டிசம்பர்ல முழங்கால்ல அடி. 2013 ஜனவரி, சியாட்டிலோட ப்ளேஆஃப்ல நொண்டிக்கிட்டே ஆடினான். கோச்சு மைக் ஷானஹன் விசாரிச்சாரு, பையன் ஆடுறேன்னான், அவரும் விட்டுட்டாரு. 22 வயசுக்காரன்கிட்ட முடியுமான்னு கேட்டா, முடியாதுன்னா சொல்லுவான்? நாலாவது குவார்ட்டர்ல, கீழ விழுந்த பந்தை எடுக்கப்போய் முழங்கால் மடங்கிருச்சு. அப்படி ஒரு வருசம் அவனுக்கு அப்புறம் வாய்க்கல.

ஓட்டம் நீங்க சொல்லித்தர வேண்டாம். விழச் சொல்லிக்கொடுங்க. காலை முன்ன நீட்டிச் சறுக்கி உக்காந்துட்டா அந்த ஓட்டம் அங்கயே முடிஞ்சுது. அதுக்கப்புறம் எதிரணிக்காரன் மேல வந்து விழுந்தா அவங்களுக்கு 15 கெஜம் தண்டம். இப்படி ஒரு சௌகரியமான சட்டம் இருந்தும், ரெண்டு கெஜம் கூடக் கிடைக்கும்னா மலையாட்டம் ஒருத்தன் மேல போய்த் தோளைக் கொடுப்பானுங்க. இளரத்தம்!

எப்படியும் ஒருநாள் மூணாவது டவுன்ல ஒம்பது கெஜம் பாக்கி நிக்கும், மறிக்க நின்ன அஞ்சு பேரும் சாஞ்சிருவானுங்க. "ஓடுடா, ஓடுடா"ன்னு முதல்ல கத்துறது நீங்களாத்தான் இருக்கும். கவலை வேண்டாம். அடுத்த ஆட்டத்தைத் தொடங்கக் குடுக்கிற கடிகாரத்துல 15 நொடி மிச்சமிருக்கும்போதே, அவன் ஹெல்மெட்டுல உங்க குரல் அறுந்துபோற மாதிரி லீக்கே ஏற்பாடு பண்ணி வச்சிருக்கு. கையில வச்சிருக்கிற ஆட்டத் திட்ட அட்டையால வாயைப் பொத்திக்கிட்டு ஏதோ சொல்ற மாதிரி நில்லுங்க, டிவியில காட்டுவாங்க.