மரு

ஹோமியோபதி என்று யாராவது வாயெடுத்தால் போதும், நான் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். ஒரு சொட்டு மருந்து, 99 சொட்டுத் தண்ணீர், நன்றாகக் குலுக்கு. அதில் ஒரு சொட்டு எடு, மறுபடி 99. இப்படி 30 தடவை கரைத்தால் அது '30 சி'. 12 தடவை தாண்டும்போதே மூல மருந்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை என்று அவகாட்ரோ எண் படித்த ப்ளஸ் டூ பையனே சொல்லிவிடுவான். 2015இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, எந்த நோய்க்கும் இது பலன் தருவதாக நம்பகமான சான்று இல்லை என்றது. கல்யாணப் பந்தியில் ரசம் வரும் இடைவெளியில்கூட இதைப் பேசியிருக்கிறேன். பக்கத்து இலைக்காரர் எழுந்தும் போயிருக்கிறார்.

எனக்கு ஆள்காட்டி விரலில் மரு வந்தது. வாதம் பண்ணும்போது நீட்டுகிற அதே விரல். "உறைய வெச்சு எடுத்துடலாம், கொஞ்சம் வலிக்கும்" என்றார் தோல் டாக்டர். அந்தக் 'கொஞ்சம்' என்னைக் கலக்கிவிட்டது. மனைவி 'தூஜா' என்ற ஹோமியோபதி உருண்டைகளை வாங்கி வந்தாள். "மரு விரல்லதானே, கொள்கையில இல்லையே!"

உருண்டையைக் கையால் தொடக்கூடாதாம். மூடியில் நாலு கொட்டி, அண்ணாந்து நாக்கில் போட வேண்டும். ஒன்று தவறி பீரோவுக்கு அடியில் ஓடியது. டார்ச் அடித்துத் தேடினேன், இல்லாத மருந்தை. காபியும் கூடாது என்றார்கள். விட்டேன்.

மரு உதிர்ந்தது. அது வைரஸ் சமாச்சாரம். உடம்பின் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டால் பெரும்பாலும் தானாகப் போய்விடும். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி பேர் வாங்கியதும் ஏறக்குறைய இப்படித்தான்: ஹெபடைடிஸ் ஏ அனேகமாகத் தானே குணமாகிற நோய். எல்லாவற்றையும் மனைவிக்கு விளக்கினேன்.

"அப்ப காபியை ஏன் விட்டீங்க?"

அவகாட்ரோ கைவிட்டார். அதற்குள் சேதி தெரு முழுக்கப் போயிருந்தது. மச்சினி போன் செய்தாள்: "அத்தான், பையனுக்கும் கையில மரு. நீங்க சாப்பிட்டது 30ஆ, 200ஆ?"

"30தான். ஆனா நீ 200 வாங்கு, அதுலதான் பவர் ஜாஸ்தி" என்றேன்.